பதினைந்து போத்தல்களில் ஒரே கிருமி

சென்ற மாதம் என் பழைய ஆய்வுகூடத்திலிருந்து திலகா பேசினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேசைக்கு வந்தவள். பல்கலைக்கழகம் ஒன்று மறுபடியும் நொதியத் தடுப்பான் ஆராய்ச்சியைத் தொடங்குகிறதாம். தோட்டத்துப் பெண்களிடம் சிறுநீர் மாதிரி சேகரிக்கும் பொறுப்பு அவளிடம் வந்திருக்கிறது.

"மிஸ், நீங்க முந்தி இதே வேலைய செஞ்சீங்கதானே. எதக் கவனிக்கணும்னு ஒரு வரியில சொல்லுங்க."

"ஒரு வரியில சொல்ல முடியாது."

"அப்ப எழுதிக் குடுங்க. இப்பதான் உங்களுக்கு வேலை இல்லையே."

எழுதுகிறேன். இப்போது கிருமியின் பெயரை இயந்திரமே சொல்லிவிடுகிறது. போத்தலில் இருப்பது யாருடைய சிறுநீர் என்பதை எந்த இயந்திரமும் சொல்லாது. அந்த இடத்தில்தான் நாங்கள் அதிர்ந்து நின்றோம்.

நான் பிறந்தது ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். பள்ளிக்கூடம் முடித்ததும் ஒரு நாளிதழுக்குப் பிரதேச நிருபராக இரண்டு வருடம் செய்தி எழுதினேன். பிறகு கொழும்பில் ஆய்வுகூடப் பயிற்சி, கண்டியில் முதல் நியமனம், கடைசியில் எங்கள் பக்கத்து வைத்தியசாலையில் நுண்ணுயிர்ப் பகுதி. மலை ஏறியும் இறங்கியும் நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கும் பெண்கள் சிறுநீர் எரிச்சலோடு எங்களிடம் வருவார்கள். வருபவர்கள் குறைவு, வராதவர்கள் அதிகம் என்று எங்களுக்குத் தெரியும். எத்தனை அதிகம் என்று தெரியாது.

நுண்ணுயிரியல் நிபுணராக வந்தவர் டாக்டர் நஸீமா. கண்டிக்காரர். குரலை உயர்த்தமாட்டார். ஒரு முடிவை நம்பவில்லையென்றால் "அப்படியா?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பிறகு நாங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்வோம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, தட்டைத் தலைக்கு மேலே பிடித்து வெளிச்சத்தில் வாசிப்பார். கிருமி வளர்ந்த தட்டை ஒருமுறை மேலிருந்து, ஒருமுறை அடியிலிருந்து. மருந்து அட்டையில் நோயாளிக்கு என்ன தேவையோ அதை எழுதுவார். கிடைக்குமா கிடைக்காதா என்று பார்த்து எழுதமாட்டார். "இருக்கிறத மட்டும் எழுதினா, இல்லாதது யாருக்கும் தெரியாமப் போயிடும்" என்பார்.

முந்தி நடந்த அந்த ஆராய்ச்சியோடு வந்தவர் நிரோஷன். கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மெலிந்த இளைஞர். அவருடைய ஆர்வம் ஒரே ஒரு நொதியத்தில், அதாவது என்சைமில். அதன் பெயர் யூரியேஸ். சிறுநீரில் யூரியா இருக்கிறது. புரோட்டியஸ் என்ற கிருமி யூரியேஸைக் கொண்டு அதை உடைத்து அமோனியா ஆக்கும். சிறுநீர் காரமாகும். அந்தக் காரத்தில் உப்புகள் திரண்டு கல்லாகும். கல்லுக்குள் கிருமி குடியிருக்கும். அங்கே மருந்து எட்டாது. ஆகவே கிருமியைக் கொல்வதை விட்டு அந்த நொதியத்தை மட்டும் வேலை செய்யாமல் நிறுத்தினால் கல் வளராது என்பது நிரோஷன் போன்றவர்களின் எண்ணம். அப்படி நிறுத்தும் பொருளுக்குத்தான் தடுப்பான் என்று பெயர்.

சோதனை கண்ணுக்கு அழகானது. யூரியா கலந்த மஞ்சள் திரவத்தைக் குழாய்களில் ஊற்றி வைப்போம். கிருமியை இட்டால் சில மணி நேரத்தில் அது ரோஜா நிறமாக மாறும். பக்கத்துக் குழாயில் கிருமியோடு தடுப்பானையும் இடுவோம். தடுப்பான் வேலை செய்தால் அது மஞ்சளாகவே இருக்கும். நிரோஷன் கொண்டு வந்த பொருட்களில் ஒன்று பச்சைக் கொழுந்திலிருந்து பிரித்த சாறு.

இந்தச் சோதனைக்குத் தோட்டத்துப் பெண்களிடமிருந்து புதிதாக எடுத்த கிருமிகள் வேண்டும். எங்கள் வட்டாரத்தில் ஒரு தோட்டம் சம்மதித்தது. ஒரு கொழுந்துக் குழுவில் பதிவுள்ள பதினைந்து பெண்களின் பெயர்களை ஒட்டிய போத்தல்களை, முந்தின நாள் மாலை தோட்டத்து மருந்தகத்தில் கொடுத்தார்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர், போத்தலில் பாதி, மூடியை இறுக்க வேண்டும். இவ்வளவுதான் அறிவுரை. மறுநாள் முற்பகல் குளிர்ப்பெட்டி எங்கள் மேசைக்கு வந்தது.

பெட்டியைத் திறந்ததும் நெடி அடித்தது. கழிவறையை நாள்கணக்கில் கழுவாமல் விட்டால் வருமே, அந்த அமோனியா நெடி. ஒரு போத்தலில் அது வழக்கம். பதினைந்திலும் அதே நெடி. நிறமும் ஒன்றுதான், கலங்கிய செம்மஞ்சள். உருப்பெருக்கியில் எல்லாவற்றிலும் சீழ்க் கலங்கள், இரத்தக் கலங்கள், சவப்பெட்டி மூடி போன்ற வடிவமுள்ள உப்புப் பளிங்குகள். மறுநாள் தட்டுகளில் வளர்ந்ததும் ஒன்றே. பதினைந்திலும் புரோட்டியஸ்.

நிரோஷன் மேசைக்கும் கதவுக்குமாக நடந்தார். "மிஸ், இது ஒரு தோட்டம் முழுக்கப் பரவியிருக்கு! தண்ணித் தொட்டியாத்தான் இருக்கும். பேராசிரியருக்கு இப்பவே சொல்லணும்."

டாக்டர் நஸீமா தட்டுகளை மேலிருந்தும் அடியிலிருந்தும் பார்த்தார்.

"அப்படியா?" என்றார்.

நிரோஷன் கையிலிருந்த தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"ரொம்ப அழகா இருக்கு. இவ்வளவு அழகா வராது. ஒரே தட்டுல பக்கம் பக்கமா வைங்க."

புரோட்டியஸ் மற்றக் கிருமிகளைப் போல வைத்த இடத்தில் புள்ளியாக நிற்காது. குளத்தில் கல் போட்டதுபோல வளையம் வளையமாகத் தட்டெங்கும் பரவும். இரண்டு வேறு ஆட்களுடைய புரோட்டியஸை ஒரே தட்டில் வைத்தால், இரண்டும் பரவி வந்து சந்திக்கும் இடத்தில் நின்றுவிடும். நடுவே வெறும் கோடு ஒன்று தெரியும். ஒரே ஆளுடையது என்றால் கோடு விழாது. ஒன்றோடொன்று கலந்துவிடும்.

தட்டுக்கு நான்கு பெண்களின் கிருமி, ஓரத்தில் ஒப்பிடுவதற்காக வேறொரு நோயாளியின் பழைய கிருமி. அப்படித்தான் வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தபோது ஓரத்துக் கிருமியைச் சுற்றி மட்டும் கோடு கத்தியால் கீறியதுபோல் தெளிவாக இருந்தது. மற்ற இடங்களில் கோடே இல்லை. எல்லாத் தட்டுகளும் அப்படித்தான்.

டாக்டர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் ஆய்வுகூடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"தொட்டித் தண்ணியில கிருமி பரவலாம். பதினஞ்சு பேருக்கும் ஒரே அளவுல இரத்தமும் ஒரே அளவுல உப்பும் எப்படிப் பரவும்? இது பதினஞ்சு நோயாளி இல்ல. ஒரு ஆளோட சிறுநீர பதினஞ்சு போத்தல்ல ஊத்தியிருக்காங்க."

நிரோஷன் சுவரைப் பார்த்து நின்றார். அவருடைய பல மாத ஏற்பாடு அந்த வாக்கியத்தோடு முடிந்தது. டாக்டர் அடுத்த கேள்விக்குப் போனார்.

"அந்த ஒரு ஆளு யாரு? அவங்களுக்குக் கல் இருக்கு. இவ்வளவு சீழ் வருதுன்னா சின்னக் கல் இல்ல. அது குழாய அடைச்சா விஷம் இரத்தத்துல ஏறிடும். பிறகு நாங்க என்ன செஞ்சாலும் பிந்தினதுதான்." என் பக்கம் திரும்பினார். "நீங்க போங்க. நான் போனா டாக்டர் வந்திருக்குன்னு வாயத் திறக்கமாட்டாங்க."

அன்றே போனேன். மத்தியான நிறுவை முடிந்து, பெண்கள் கொட்டகை ஓரத்தில் ரொட்டியும் சம்பலுமாக உட்கார்ந்திருந்தார்கள். கம்பளிக்கு மேல் இடுப்பில் கட்டியிருந்த படங்கு, மழைக்கும் முள்ளுக்குமான அந்தத் தடித்த பிளாஸ்டிக் துணி, இன்னும் அவிழ்க்கப்படவில்லை. குழுவில் வாய்க்காரி சரோஜா என்பவர். என்னைவிடச் சில வயது மூத்தவர்.

"வாங்க லேப் மிஸ்ஸே. எங்க மூத்திரத்துல தங்கம் கிங்கம் இருந்துச்சா? இம்புட்டுத் தூரம் ஏறி வந்திருக்கீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி எனக்கு ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். நான் விஷயத்தைச் சுற்றி வளைக்கவில்லை. பதினைந்து போத்தலிலும் இருந்தது ஒரே ஆளுடையது, அந்த ஆளுக்குக் கடுமையான நோய் இருக்கிறது, யார் என்று தெரிய வேண்டும் என்றேன்.

சிரிப்பு நின்றது.

"யாரு சொன்னா? அவங்கவங்க போத்தல அவங்கவங்கதான் குடுத்தோம்" என்றார் சரோஜா.

"கண்டாக்கையாகிட்ட நான் சொல்லமாட்டேன் அக்கா."

கண்டாக்கு, வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர், மேலே தராசுக்குப் பக்கத்தில் நின்றார். சரோஜா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க பேரு வெட்டமாட்டாங்களே?"

பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். இதில் அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எல்லாக் குழுக்களிலும் இருக்கும். யாருக்காவது நிறை குறைந்தால் பக்கத்தில் நிற்பவள் தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி அவள் சாக்கில் போடுவாள். கேட்கத் தேவையில்லை. நாளைக்கு இவளுக்குக் குறைந்தால் அவள் போடுவாள்.

"போத்தலும் அப்படித்தான் மிஸ்" என்று பக்கத்திலிருந்தவள் தொடங்கினாள். "காலையில எங்க நேரம்? புள்ளைகள எழுப்பி, ரொட்டி சுட்டு, இருட்டோட பேர் பதியிற பெரட்டுக்கு ஓடி வாறோம். போத்தல மடியில வச்சுக்கிட்டு மலைக்கு வந்துட்டோம். வந்த பொறகு யாருக்கும் வரல."

"ஏன் வரல?"

"சொட்டுத் தண்ணி குடிச்சாத்தானே வரும்" என்றார் சரோஜா. "குடிச்சா மூத்திரத்துக்கு எறங்கணும். எறங்குறதுக்கு எங்க போறது? கீழ ரோட்டுல பஸ்ஸு போகுது, மேல ஐயா நிக்கிறாரு. லயத்துக்குப் போய் வந்தா கொழுந்து போயிரும். அதனால பெரட்டுலருந்து அந்திக்கு லயத்துக்குப் போற வரைக்கும் நாங்க குடிக்கிறதில்ல. போத்தல் வாங்க ஆளு வந்துருச்சு. வெறும் போத்தல எப்படிக் குடுக்கிறது? தோட்டத்துத் தொரை கோவிச்சுக்குவாரு. அப்பத்தான் புஷ்பம் அங்க கெடந்த பழைய போத்தல வெட்டி எடுத்துக்கிட்டு செடிக்குள்ள எறங்கிப் போயி கொண்டாந்துச்சு. எல்லாருக்கும் அதுதான் ஊத்திக் குடுத்துச்சு."

"அவளுக்கு மட்டும் எப்படி வந்தது?"

"அவளுக்கு எப்பவும் வருமே. நெனச்ச ஒடனே ஓடுவா. எங்களுக்கு அவளப் பாத்தா பொறாமையா இருக்கும் மிஸ்."

கையிலிருந்த ரொட்டியை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன்.

"இதுல யாரு புஷ்பம்?"

"இங்க இல்ல. இடுப்பு வலின்னு நேத்துலருந்து வேலைக்கு வரல. மேல் டிவிசன் லயத்துல படுத்திருக்கு."

சரோஜாவும் நானும் ஏறினோம். போகும் வழியில்தான் சொன்னார். புஷ்பத்துக்குத் தோட்டத்தில் பதிவு இல்லை. ஆள் குறையும் நாட்களில் நாட்கூலிக்கு வருபவள். புருஷன் கொழும்பில் கடையில் நிற்கிறான். போத்தல் கொடுத்தது பதிவுள்ளவர்களுக்கு மட்டும் என்பதால் அவள் பெயரில் போத்தலே இல்லை. பதினைந்து பெயர்களில் எத்தனை நாள் தேடியிருந்தாலும் அவளைக் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

லயத்து அறையில் கதவு திறந்தே இருந்தது. ஒரு கம்பளி, அதன் மேல் ஒரு படங்கு, அதன் மேல் இரண்டு சாக்கு. அவ்வளவுக்கும் கீழே ஓர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. முப்பது வயதைத் தாண்டாத முகம். உதடு வெடித்திருந்தது.

"ஆஸ்பத்திரியிலருந்து வந்திருக்கேன் புஷ்பம்."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு சரோஜாவைப் பார்த்தாள்.

"என் பேருல போத்தல் இல்லியே மிஸ். நீங்க தப்பா வந்துட்டீங்க."

நெற்றியைத் தொட்ட என் கையை உடனே எடுத்துவிட்டேன். அவ்வளவு சூடு.

கீழே வீதியில் கொழுந்து லொறி நின்றது. வேறு வாகனம் இல்லை. கண்டாக்கு தயங்கினார். கெட்டவரல்ல, பயந்தவர்.

"பதிவில்லாத ஆள லொறியில ஏத்த முடியாதும்மா. வழியில ஏதாச்சும் ஆனா தொரை என்னையத்தான் கேப்பாரு."

"அப்ப கொழுந்துன்னு நெனச்சுக்கிட்டு ஏத்துங்கய்யா" என்றார் சரோஜா. "சாக்குல போட்டுக் கட்டித் தரவா? நிறுத்துப் பாத்துட்டே ஏத்துங்க."

கண்டாக்கு தானே ஏறி மூட்டைகளை ஓரத்துக்குத் தள்ளி இடம் செய்தார். பெண்கள் கம்பளியின் நான்கு மூலைகளைப் பிடித்து அவளைக் கீழே கொண்டு வந்தார்கள்.

வைத்தியசாலை வாசலில் டாக்டர் நஸீமா நின்றார். வழியில் தொலைபேசியில் சொல்லியிருந்தேன், ஆனாலும் அவர் வெளியே வந்து காத்திருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. ஸ்கேனில் வலது சிறுநீரகம் முழுவதையும் அடைத்துக்கொண்டு இஞ்சிக் கிழங்கு போலக் கிளை விட்ட ஒரு கல். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்று போத்தல்களிலிருந்து எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதனால் முதல் ஊசியே சரியான ஊசியாக இருந்தது. அவளைக் கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே திறந்து பார்த்தபோது அந்தச் சிறுநீரகம் சீழ்ப் பையாகியிருந்தது. எடுத்துவிட்டார்கள். பல நாள் நினைவு தப்பிக் கிடந்து பிழைத்தாள்.

அதற்கிடையில் நிரோஷன் அவளுடைய கிருமியைத் தன் தடுப்பான்களோடு குழாய்களில் வைத்திருந்தார். ஒரு குழாய் சுத்த மஞ்சளாக நின்றது. கொழுந்துச் சாறு இட்ட குழாய் இளஞ்சிவப்போடு தயங்கி நின்றது. அவர் ஜன்னல் வெளிச்சத்தில் அவற்றைப் பிடித்தபோது முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது.

"இது மருந்தா வர எவ்வளவு காலமாகும்?" என்று டாக்டர் கேட்டார்.

"தெரியாது மேடம். வராமலும் போகலாம்."

"சரி. வேலை செஞ்சதையும் எழுதுங்க, வராமப் போகலாம்ங்கிறதையும் எழுதுங்க."

மாதிரிகளை மறுபடியும் எடுக்க வேண்டியிருந்தது. இம்முறை டாக்டர் தோட்டத்துக்குப் போத்தல் அனுப்பவில்லை. பதினைந்து பெண்களையும் வைத்தியசாலைக்கு வரவழைத்து, தண்ணீரும் தேநீரும் கொடுத்து, தாதியர் கழிவறையைத் திறந்துவிடச் சொன்னார். உள்ளே போனவர்கள் வெளியே வர நேரமெடுத்தது. கதவுக்குப் பூட்டு இருக்கிறது என்பதை ஒருத்தி வெளியே வந்து மற்றவர்களுக்குச் சொன்னாள்.

காத்திருந்த நேரத்தில் நிரோஷன் சரோஜாவுக்குக் கொழுந்துச் சாற்றைப் பற்றி விளக்கினார். சரோஜா முழுவதையும் கேட்டார்.

"கொழுந்துல மருந்து இருக்குன்னு தொரைகிட்ட சொல்லிராதீங்க தம்பி. நாங்க மென்னு தின்னுட்டோம்னு கிலோ வெட்டிருவாங்க."

அறை முழுக்கச் சிரித்தது. டாக்டரும் சிரித்தார்.

இரண்டு நாள் கழித்துத் தட்டுகளை வாசித்தோம். யாரும் சிரிக்கவில்லை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தொற்று இருந்தது. வேறு வேறு கிருமிகள், வேறு வேறு ஆட்களுடையவை. சிலவற்றுக்குச் சாதாரண மாத்திரை எதுவும் கேட்காது. அந்த முதல் பதினைந்து போத்தல்கள் புஷ்பத்தை மட்டும் மறைக்கவில்லை. இவர்கள் எல்லோரையும் சேர்த்து மறைத்திருந்தன. முடிவைச் சொல்லப் போனபோது சரோஜாவிடம், இவ்வளவு நாள் எரிச்சல் இருந்திருக்குமே, ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர் உண்மையாகவே வியந்தார்.

"எரிச்சல் பொம்பளைங்க எல்லாருக்கும் இருக்கிறதுதானே மிஸ். அதையும் வியாதின்னா சொல்றீங்க?"

திலகா, நான் சொல்ல வந்ததில் பெரும்பகுதி இந்தக் கேள்விதான். போத்தலை நீயே கையில் கொடுத்து நீயே கையில் வாங்கு. அதற்கு முன் அந்தப் பெண் காலையிலிருந்து என்ன குடித்தாள், எங்கே போனாள் என்று கேள். பெயர் இல்லாதவர்கள் யார் யார் வேலைக்கு வருகிறார்கள் என்றும் கேள்.

புஷ்பம் சில மாதங்களுக்குப் பிறகு மறுபரிசோதனைக்கு வந்தாள். மருந்து பற்றிக் கருத்துக் கேட்டு அவளைக் கண்டியிலிருந்து டாக்டர் நஸீமாவிடம் அனுப்பியிருந்தார்கள். நானும் அறையில் இருந்தேன். உடம்பு இளைத்திருந்தாலும் முகம் தெளிந்திருந்தது. அடுத்த வாரம் மலைக்குத் திரும்புவதாகச் சொன்னாள். மற்றச் சிறுநீரகத்தைக் காப்பாற்றியாக வேண்டும் என்பதை டாக்டர் நிறுத்தி நிறுத்தி விளக்கினார். அதிலும் கல் வந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. மாத்திரையைவிட முக்கியம் தண்ணீர். ஒரு நாளைக்கு மூன்று லீட்டர். வேலை நேரத்திலும் விடாமல் குடிக்க வேண்டும்.

புஷ்பம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு, "குடிச்சிரலாம் டாக்டர். குடிச்சா எறங்கணுமே. அதுக்கு என்ன செய்யட்டும்?" என்றாள்.

டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியா?" என்று கேட்கவில்லை. மருந்து அட்டையை இழுத்து, இரண்டு மாத்திரைகளின் பெயர்களுக்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டார்.

மருந்து கொடுக்கும் ஜன்னல்வரை அவளோடு போனேன். உள்ளே இருந்தவர் அட்டையை வாங்கி முதல் மாத்திரையை எண்ணி உறையில் போட்டார். இரண்டாவதையும் போட்டார். மூன்றாவது வரிக்கு வந்து நின்று, ஒருமுறை வாசித்து, கண்ணாடியைச் சரிசெய்து மறுபடியும் வாசித்தார். அதில் இருந்தது, 'வேலை செய்யும் மலையில் கழிவறை, தினமும், தொடர்ந்து.'

அவர் அட்டையை ஜன்னல் வழியாகத் திருப்பி நீட்டினார்.

"இது நம்மகிட்ட இல்லம்மா" என்றார்.